பால் கவரில் மண்

பாப்பா, தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைப் படித்தேன். மாடியில் தோட்டம், காய்கறித் தோலில் உரம், அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு, கடைக்குப் போனால் துணிப்பை, ஆள் இல்லாத அறையில் ஃபேனை நிறுத்துவது. எல்லாம் நல்ல யோசனைதான். அந்தக் கடைசி வரியைத் தம்பி யாருக்காக எழுதினான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் தொட்டியை மேலே ஏற்றுவதற்கு முன்னால் நான் மாடித் தரையை ஈரத்துணி போட்டுத் துடைக்க ஆரம்பித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணைக் கொட்டப்போற எடத்தை யாராவது துடைப்பாங்களாப்பா?" என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாளியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அன்று முழுக்க என்னைத் துளைத்தீர்கள். நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். ஐடிஐ படித்தவன் எழுத்து. தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

பாப்பா பிறந்தபோது நாம் இங்கே கடம்பத்தூரில் இல்லை. கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. நான் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஒரு மில்லில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். நமக்கு அடுத்த கதவில் ஒரு அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். கணவர் லாரி டிரைவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அக்காவுக்கும் என் மில்லிலேயே வேலை, கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குவது.

அந்த அக்காவுக்கு ஒரு பொருளைத் தூக்கிப் போடத் தெரியாது. அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நாம் எதையாவது குப்பைக் கூடைப் பக்கம் கொண்டு போனால் போதும், எங்கே இருந்தாலும் குரல் வந்துவிடும்.

"இன்னா நைனா, அத்தப் போய் போடற? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

கிழிந்த சட்டை, பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ், முட்டை ஓடு எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாக நறுக்கி எறியக் கூடாது, ஓரத்தில் ஒட்டியபடியே விட வேண்டும் என்பார். துண்டு பறந்து போய் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடுமாம். காலிக் கவரைக் கழுவி, ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுக் காய வைத்து, அடுக்கி வைத்துக்கொள்வார். "இன்னாத்துக்குக்கா இவ்ளோ?" என்று உங்கள் அம்மா கேட்டால், "எதுக்காவது ஆவும் கண்ணு" என்பார்.

சாயங்காலம் அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தில் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கதவு கதவாக வருவார். "கழனித் தண்ணி கீதா?" அரிசி கழுவிய தண்ணீரைத்தான் அப்படிக் கேட்பார். கடைசி வீட்டில் ஒரு அண்ணி இருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாக்கா, எருமை வாங்கிக் கட்டிட்டியா? நேத்து சாணியே பாக்கலியே!"

"எருமை இல்லடி, கத்திரிக்கா. அதுக்கும் தாகம் எடுக்கும்ல? ஊத்து ஊத்து. பேசிக்கினே பாதிய சாக்கடைல உட்டுட்ட."

மாடி முழுக்க அக்காவின் தோட்டம்தான். உடைந்த பேசின், பெயின்ட் வாளி, கிழிந்த சிமென்ட் சாக்கு, யாரோ தூக்கிப் போட்ட குழந்தைக் குளியல் தொட்டி. எல்லாவற்றிலும் மண்ணும் செடியும். சிறுகீரை, தண்டுக்கீரை, கத்திரி, மிளகாய். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஏறிப் படர்ந்த அவரை. வீட்டுக்காரருக்கு மாடி ஒழுகுமோ என்று பயம். மாதா மாதம் வாடகை வாங்க வரும்போது அண்ணாந்து பார்த்து முணுமுணுப்பார். அக்கா ஒரு பிடி அவரைக்காயைக் கையில் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்.

அவருடன் கடைக்குப் போவது ஒரு பேஜார். பிரியாணிக் கடைக்குத் தூக்குப் பாத்திரத்தோடு வருவார். கடைப் பையன் கிண்டல் செய்வான். "அக்கா, தூக்குல வாங்குனா ஒரு பீஸ் கம்மி." இவர் விட மாட்டார். "கவரு மிச்சம், ரப்பர் பேண்டு மிச்சம், பேப்பர் மிச்சம். அத்தனைக்கும் சேத்து ஒரு பீஸ் ஜாஸ்தி போடுப்பா நீ." போட்டுவிடுவான்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தொழிற்பேட்டைச் சாலையை நீங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் குங்குமம் தடவிய திருஷ்டிப் பூசணி உடைந்து கிடக்கும். டூவீலர்க்காரர்கள் வழுக்கி விழுவார்கள். ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள், தாண்டக்கூட மாட்டார்கள். அக்கா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார், உரத்துக்கு. நான் பார்த்துப் பதறிவிட்டேன்.

"அக்கா, கண்ணு கழிச்சுப் போட்டதுக்கா அது. ஒட்டிக்கப் போவுது."

"கண்ணு பட்டது மில்லுக்கு நைனா. பூசணிக்கா நடுரோட்ல கெடந்து அழுவணும்னு இன்னா தலையெழுத்து?"

அந்த வருஷம் பூசணி விதை தானாகவே முளைத்து ஒரு கொடி ஏறியது. கடைசி வீட்டு அண்ணி அந்தக் காயை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. மற்றவை எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டோம். பாப்பா, உனக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டியபோது அதில் பிசைந்தது அக்கா கொடுத்த சிறுகீரைதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் நீ அவர் இடுப்பிலேயே கிடப்பாய். "அம்மாடி, வா, செடிக்கு டாட்டா சொல்லு" என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். பேச்சு வராத வயதில் கத்திரிப் பூவைப் பார்த்துக் கையை ஆட்டுவாய்.

இனி அந்தச் சாம்பல் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பகுதியில் விடிந்தால் மாடியெல்லாம் கரும்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி ஒரு தூசி படிந்திருக்கும். சுற்றிலும் புகைபோக்கிகள். எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைத் துணி காயப் போட முடியாது. கடைசி வீட்டு அண்ணி தினமும் மில்களுக்குச் சாபம் கொடுப்பார். "எம் புள்ள வெள்ள யூனிபாரத்துக்குக் கரி பூசிட்டான் பாரு." அக்கா மட்டும் சாபம் கொடுக்க மாட்டார். துடைப்பத்தால் மெல்லக் கூட்டி, முறத்தில் அள்ளி, ஒரு பெயின்ட் வாளியில் சேர்த்து மூடி வைப்பார்.

அவர் கணக்கு இதுதான். ஊரில் விறகு அடுப்பு இருந்தவரை சாம்பலுக்குக் குறைவில்லை. அவரையில் செடிப்பேன் விழுந்தால் சாம்பல், கீரையில் பூச்சி என்றால் சாம்பல், பாத்திரம் தேய்க்கச் சாம்பல். இங்கே கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? இரும்பு உருக்கும் அடுப்பும் அடுப்புதானே, அதன் சாம்பலும் சாம்பல்தானே என்று நினைத்துவிட்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

"வெறகு இல்லாமலே சாம்பல் அனுப்புறான் புண்ணியவான். அத்தப் போய் திட்டிக்கினு கீறீங்க."

கத்திரி இலைமேல் தூவுவார். மண்ணில் ஒரு கை கலப்பார். பூச்சி சுத்தமாக விட்டுப் போனது. அடி பிடித்த குக்கர்கூட அதைப் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆனது. உங்கள் அம்மாவும் ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்படியே எவ்வளவு காலம் போனது என்று சரியாக நினைவில்லை. பாப்பா நடக்க ஆரம்பித்து, படி ஏறவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒருநாள் மில்லில் அக்காவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். உருக்கும்போது வருகிற புகையை அப்படியே வெளியே விடக் கூடாது. பெரிய பெரிய துணிப்பைகளில் வடிகட்ட வேண்டும். அந்தப் பைகளைத் தட்டினால் கீழே தூசி விழும். அதைத் தடித்த வெள்ளை மூட்டைகளில் கட்டி வைப்பார்கள். மூட்டைமேல் சிவப்பு எழுத்து இருக்கும். அதற்கென்று தனி லாரி வரும். அடியில் ரப்பர் மாதிரி விரித்த ஒரு பெரிய குழிக்குக் கொண்டு போய், நிரந்தரமாக மூடிவிடுவார்கள். அந்த ஷெட்டில்தான் அக்காவுக்கு வேலை. முதல் நாளே கையுறை, மூக்குமூடி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

சாம்பல் அள்ள இதெல்லாம் எதற்கு என்று இவர் அங்கிருந்த மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார்.

"சாம்பலா? யம்மா, இது சாம்பல் இல்ல. பழைய இரும்புல இன்னா இன்னாவோ கலந்து வருது. பேட்டரி, பெயின்ட்டு. அதுல இருந்து வர்ற ஈயம் இது. வயித்துக்குள்ள போனா சீக்கிரம் வெளிய வராது. சின்னப் பசங்களுக்கு மூளையப் புடிக்கும்னு கிளாஸ் எடுத்தாங்க. வாயத் தொறந்து வெச்சிக்கினு நிக்காத, மூடியப் போடு."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் போகவில்லை. மில்லில் கொடுத்த மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூக்குமூடி கழுத்தில் தொங்க, வாளி இல்லாமல் கதவு கதவாக வந்தார். முதலில் நம் கதவு.

"கண்ணு, நான் குடுத்த கீரை, கத்திரிக்கா எதுனா மீதி கீதா? இருந்தா குடுத்துடு. துன்னாத. கொழந்தைக்கு ஊட்டாத."

"ஏன்க்கா, பூச்சி கீச்சி இருந்துச்சா?"

"பூச்சி இருந்தா நல்லது கண்ணு. பூச்சியே அண்டாதத நான் போட்டு வெச்சிருக்கேன். அது சாம்பல் இல்லியாம். ஈயமாம். எல்லாருக்கும் நான்தான் துன்னக் குடுத்திருக்கேன்."

பாத்திரம் தேய்க்கும் டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பாப்பா, உன்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதன் பிறகு அக்கா அந்த லைனை விட்டுப் போகும்வரை அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள்மேல் தப்புச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரே குழந்தை அப்போது நீ.

ஒவ்வொரு கதவிலும் அக்கா அதையே சொன்னார். கேட்டவர்கள் கத்தினார்கள். கடைசி வீட்டு அண்ணி கத்தவில்லை. அக்காவைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னார்.

"ஏங்க்கா, உனக்கு அறிவு கீதா? வாய மூடிக்கினு செடியப் புடுங்கிப் போட்டிருந்தா எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடி. நாளைக்கு எந்தப் புள்ளைக்காவது வயித்து வலின்னா எந்த டாக்டர் ஈயத்தத் தேடுவான்? சொன்னாத்தான் தேடுவான்."

அது உண்மை. அவர் சொன்னதால்தான் உன்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்தோம். அக்காவும் கூட வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. ஸ்டேஷனில் வந்து நின்றார், எங்களுக்குப் பின்னாலேயே ஏறினார். ஆஸ்பத்திரியில் உள்ளே வராமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

இரத்தத்தில் ஈயம் இருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் தானாக இறங்கும் என்றார் டாக்டர். இறங்கியும் விட்டது பாப்பா, பிறகு இரண்டு தடவை பார்த்தோம். நீ கணக்கில் மார்க் குறைவாக வாங்குவதற்கு இதைக் காரணம் சொல்ல முடியாது.

திரும்பும்போது ரயில் பொன்னேரியைத் தாண்டியது. அக்காதான் மெல்லக் கேட்டார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு கண்ணு?"

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "பால், முட்டை குடுக்கணுமாம். கீரை நெறையக் குடுக்கணுமாம்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதே அதுதான். ஆனால் அக்கா எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார். கும்மிடிப்பூண்டி வரும்வரை உட்காரவில்லை.

மறுநாளே எல்லாச் செடியையும் பிடுங்கிவிட்டார். காய்த்துக்கொண்டிருந்த அவரையை, பூ விட்டிருந்த மிளகாயை, எல்லாவற்றையும். உரத் தொட்டியிலும் போட முடியாத செடிகள். பிடுங்கிக் காய வைத்துச் சாக்கில் திணித்தார். மண் மிஞ்சியது. மாடியில் இருந்த மண் கொஞ்சநஞ்சமில்லை. அதை என்ன செய்வது?

கடைசி வீட்டு அண்ணன் சொன்னார், ஏரியில் கொட்டு என்று. ஏரியில் மாடு தண்ணீர் குடிக்கிறது என்றார் அக்கா. ரயில்வே லைன் ஓரமாகக் கொட்டு. அங்கே ஆடு மேய்கிறது. குப்பை வண்டியில் போடு. அந்த வண்டி இன்னொரு ஊர் ஓரமாகத்தானே போய்க் கொட்டும்? "அப்ப உன் தலைலயே கொட்டிக்கோ!" என்று கோபமாகப் போய்விட்டார்.

எந்தப் பொருளையும் தூக்கிப் போடத் தெரியாத அந்த அக்காவுக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைத் தூக்கிப் போட வேண்டி வந்தது. அதற்கு இந்த உலகத்தில் ஓர் இடம் கிடைக்கவில்லை.

பிறகு அவராகவே ஓர் இடம் கண்டுபிடித்தார். தினமும் வேலைக்குப் போகும்போது, கழுவி அடுக்கி வைத்திருந்த பால் கவர்களில் மண்ணை நிரப்பி, வாயைக் கட்டி, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார். ஷெட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த வெள்ளை மூட்டைக்குள் போட்டுவிடுவார். அவர் வேலையே மூட்டை கட்டுவதுதானே. மில் வாசலில் வெளியே போகும்போதுதான் செக்யூரிட்டி தடவிப் பார்ப்பார், இரும்பு திருடிவிடக் கூடாது என்று. உள்ளே போகிறவர் பையை யார் பார்க்கிறார்கள்? மழைக்காலம் தொடங்கியபோது ஆரம்பித்தார். பொங்கல் முடிந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கே தெரியாது. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை வாசலில் ஒரு கவர் கிழிந்துவிட்டது. பையிலிருந்து மண் பொலபொலவென்று வழிந்தது. செக்யூரிட்டி தாத்தா பையைப் பிரித்தால் உள்ளே வரிசையாகக் கட்டி வைத்த மண் பொட்டலங்கள்.

முந்தின வாரம்தான் உருக்குப் பிரிவில் இரும்புக் குழம்பு சிதறி ஒருவருக்குக் கால் வெந்திருந்தது. மண் பொட்டலம் என்றதும் செய்தி மில் முழுக்கப் பரவிவிட்டது. செய்வினை என்றார்கள். ஆயுத பூஜைப் பூசணியைப் பொறுக்குகிறவள்தானே இவள் என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். ஆபீஸில் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் கிரேனிலிருந்து இறங்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள்.

ஆபீஸர் பக்திமான், நெற்றியில் குங்குமம் இருக்கும். கெட்டவர் இல்லை. அவரே ஒரு வழி விட்டார்.

"ஏம்மா, கோயில் மண்ணு எதுனா வேண்டிக்கிட்டுக் கொண்டாந்தியா? சொல்லு."

நான் அக்காவின் காதோரமாகச் சொன்னேன். "பெரியபாளையத்து அம்மன் மண்ணுன்னு சொல்லிடுக்கா. முடிஞ்சிடும். உட்டுடுவாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைத் தெரியாதவர் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு ஆபீஸரிடம் சொன்னார்.

"இல்ல சார். இது எங்க மாடி மண்ணு. வானத்துல இருந்து விழுந்த தூசிய சாம்பல்னு நெனச்சி நான் செடிக்குப் போட்டேன். நம்ம ஷெட்ல மூட்ட கட்டறமே, அதேதான் அது. வெளிய எங்க கொட்டுனாலும் ஒரு உசுரு துன்னும். அந்த வெள்ள மூட்ட போற எடத்துக்கு இதுவும் போவட்டும்னு எடுத்தாந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

ஆபீஸர் முகம் மாறிவிட்டது. செய்வினை என்றபோதுகூட அவர் அப்படிப் பயப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "மாடில விழுந்துச்சுன்னு யார் யார்கிட்ட சொல்லிருக்கே?"

"எங்க லைன்ல எல்லார்கிட்டயும் சொன்னேன் சார்."

அவ்வளவுதான். மறுநாள் கான்ட்ராக்டர் அக்காவுக்கு வேலை இல்லை என்றுவிட்டார். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்காரர் காதுக்கும் போய்விட்டது. மாடியில் விஷம் என்று வெளியே பேச்சுப் போனால் யார் குடி வருவார்கள்? அக்காவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தூசி அதற்குப் பிறகும் தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை.

சாமான் ஏற்றிய லாரி கிளம்பும்போது அக்கா நம் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "அம்மாடி" என்று கூப்பிட்டார். பாப்பா, நீ உள்ளேயிருந்து ஓடினாய். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ போட்ட கத்தல் லைன் முழுக்கக் கேட்டது. அக்கா, "அழ வெக்காத கண்ணு, நான் போய்ட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போய் லாரியில் ஏறிவிட்டார். அன்று கையை விட்டிருக்கலாம் என்று அம்மா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் சிரிக்கவில்லை.

உங்கள் திட்டத்தைக் கெடுக்க இதை நான் எழுதவில்லை. துணியில் அந்தத் தூசி ஏதும் வருகிறதா என்று பார்க்கத்தான் அன்று மாடியைத் துடைத்தேன். தோட்டம் போடுங்கள், கழனித் தண்ணீரை ஊற்றுங்கள். அந்த அக்கா செய்த எல்லாமே சரிதான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றையும் யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். அவரை நாங்கள் அதற்காகத்தான் ஒதுக்கினோம். எனக்கு ஆறாதது இதுதான்.

போன வருஷம் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகள் வீட்டோடு இருக்கிறாராம். தலை நன்றாக நரைத்துவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் கீரைக்கட்டு. கவரைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"செடி எதுனா வெக்கறீங்களாக்கா?"

"இல்ல நைனா. மவ ஊட்டுல எடம் நெறைய கீது. எனக்குத்தான் கை வரல. யார் மண்ணுல இன்னா கீதோ. வாங்கித் துன்னுட்டுப் போறோம்."

பாப்பா, உன்னைப் பற்றிக் கேட்டார். நன்றாகப் படிக்கிறாள், உயரமாக வளர்ந்துவிட்டாள் என்றேன். "மூளை நல்லா கீதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குள் ஷேர் ஆட்டோக்காரன் அவசரப்படுத்திவிட்டான். அவரிடம் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்லவே இல்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

அன்று அக்கா லைனைக் காலி பண்ணிப் போன பிறகு மாடியில் மிச்சம் இருந்த மண் சாக்குகளை வீட்டுக்காரர் ஆள் வைத்து இறக்கினார். பக்கத்து மனையில் அவர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அடித்தளம் நிரப்ப அதைக் கொட்டிவிட்டார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்ப்பதற்குள் மேலே கான்கிரீட் போட்டாகிவிட்டது. அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்களோ.

துணி எடுக்க மாடிக்குப் போனபோதுதான் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விரிசல் விட்ட ஒரு பச்சை பேசின். இறக்க வந்தவர்கள் கண்ணில் படவில்லை போல. பாதி மண். அதன் நடுவில் காய்ந்த அவரைத் தண்டு ஒன்று.

மறுநாள் மதிய ஷிஃப்ட். நம் வீட்டுப் பால் கவர்களைக் கழுவி, அந்த மண்ணைத் தண்டோடு சேர்த்து அள்ளிக் கட்டினேன். சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்தேன். வாசலில் செக்யூரிட்டி தாத்தா வழக்கம்போல, "இன்னாப்பா, வந்துட்டியா" என்றார். டீ நேரத்தில் எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு ஷெட்டுக்குள் போனேன். வாய் கட்டாத வெள்ளை மூட்டை ஒன்று இருந்தது. ஒவ்வொரு கவராகப் பிரித்துக் கொட்டினேன். கவர்களையும் மடித்து உள்ளேயே போட்டேன். மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கம்பியால் இறுக்கி, தூக்குகிறவர் கையில் குத்தாமல் இருக்கக் கம்பி நுனியை உள்பக்கம் வளைத்துவிட்டேன். குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, போய்க் கிரேனில் ஏறினேன்.